எழுத்தும் இடமும்: சரங்களை இருந்த இடத்திலேயே திருத்தும் பழக்கத்துக்கு ஒரு மறுப்பு

1

கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர் மத்தியிலே, எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத, ஆயினும் பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கோட்பாடு நிலவுகின்றது. நினைவகத்தில் ஓரிடத்திலுள்ள எழுத்துச்சரத்தை வேறோரிடத்துக்குப் பிரதி செய்யாது, அது இருக்கும் இடத்திலேயே மாற்றி எழுதத் தெரிந்தவரே தேர்ந்த செய்நிரலாளர் என்பது அக்கோட்பாடு. சரமொன்றைத் தலைகீழாகத் திருப்புக என்னும் வினாவுக்குப் புதிய சரமொன்றை ஆக்கி விடையளித்தவர், சரியான விடையைக் கண்டவராயினும், நினைவகத்தை விரயஞ் செய்தவராகவே மதிக்கப்படுகின்றார். இரு முனைகளிலும் இரு சுட்டிகளை நிறுத்தி, அவை சுட்டும் பைற்றுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு நடுவை நோக்கி நகர்ந்தவருக்கே பாராட்டுக் கிடைக்கின்றது.

இம்மதிப்பீடு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இடத்திலேயே திருத்துதல் எக்காலத்தும் தவறென்று நாம் கூறவில்லை. மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அது கையாளப்படவேண்டும் என்கின்றோம். அந்த இடம் நம்முடையதா? மாற்றத்தின் பின்னரும் எழுத்து அவ்விடத்துள் அடங்குமா? நாம் மாற்றும் வேளையில் அவ்விடத்தை வேறெவரேனும் வாசிக்கின்றனரா? இம்மூன்றையும் வினவப் பழக்காது உத்தியை மாத்திரம் பழக்கும் கல்வி, அரைகுறைக் கல்வியாகும்.

இது கணினித்துறையினரின் உள்வீட்டுப் பிணக்குத்தானே, தமிழ்ச் சங்க மலரொன்றிலே இதற்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். இப்பழக்கத்தின் விலையை முதலிற் செலுத்துவோர், தம் மொழியின் ஓரெழுத்து ஒரு பைற்றுக்குள் அடங்காத மக்களே. தமிழர் அவருள் ஒரு சாரார். ஆதலின் இவ்விவாதத்துக்கு இங்கு இடமுண்டு.

2

எந்தப் பழக்கமும் வெற்றிடத்திலே தோன்றுவதில்லை. அதனைத் தோற்றுவித்த பௌதிக நிலைமைகளை முதலில் நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே யுனிக்ஸ் பணிசெயல் முறைமையைக் கென் தொம்சன் 1969 இல் எழுதத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்த பீ.டீ.பீ.-7 இயந்திரத்தின் நினைவகம், 18 பிற்றுகள் கொண்ட எட்டாயிரஞ் சொற்களே. அடுத்து வந்த பீ.டீ.பீ.-11 இயந்திரத்தில் 24 கிலோபைற்று நினைவகம் இருந்தது. அதில் 16 கிலோபைற்றை முறைமையே எடுத்துக்கொள்ள, பயனரின் செய்நிரல்களுக்கு எஞ்சியது 8 கிலோபைற்று. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் நிழற்படம் ஒன்றுக்கே இதனைப் போற் பன்மடங்கு இடம் வேண்டும். அத்தகைய நெருக்கடியிலே, சரமொன்றுக்கு இரண்டாவது பிரதியை ஆக்குவது உண்மையிலேயே ஆடம்பரம். அக்காலத்தவர் இருந்த இடத்திலேயே திருத்தினர் என்பதில் வியப்பில்லை. வேறு வழி அவர்களுக்கு அரிதாகவே இருந்தது.

அதே சூழலில், 1970களின் முற்பகுதியில், டெனிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். சி மொழியின் முன்னோடிகளுள் ஒன்றான பி.சி.பி.எல். மொழியிலே சரத்தின் நீளம் அதன் தொடக்கத்திலேயே பதியப்பட்டிருந்தது. தொம்சனின் பி மொழி அதனைக் கைவிட்டு, சரத்தின் இறுதியில் ஒரு முடிவுக்குறியை இட்டது. சி மொழியும் அவ்வழியே சென்று, பூச்சியப் பெறுமானமுடைய பைற்று ஒன்றைச் சரத்தின் முடிவாகக் கொண்டது. இம்மாற்றத்துக்கான காரணங்களை ரிச்சி 1993 இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையிலே விளக்கியுள்ளார். நீளத்தைச் சிறியதோர் எண்ணிடத்தில் வைத்தால் சரத்தின் நீளத்துக்கு எல்லை ஏற்படும் என்பது ஒன்று. எண்ணிக்கையைப் பேணுவதிலும் முடிவுக்குறி வசதியானதென அனுபவத்திற் கண்டமை மற்றொன்று.

இவ்வசதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சி மொழியிலே சரமொன்றின் சுட்டியைப் பெறும் சார்பு, அச்சரத்தின் நீளத்தை இறுதிவரை நடந்து பார்த்தே அறியும். அச்சரம் இருக்கும் இடத்தின் கொள்ளளவையோ எவ்வாறு நடந்தாலும் அறியமுடியாது. நீளம் எழுத்தைப் பற்றியது. கொள்ளளவு இடத்தைப் பற்றியது. இரண்டாவது தகவலை மொழி எங்கும் பதிந்து வைப்பதில்லை. பின்வரும் இடர்கள் பெரும்பாலும் இந்த ஓர் இன்மையிலிருந்தே பிறக்கின்றன.

பிரையன் கேர்னிகனும் ரிச்சியும் எழுதி 1978 இல் வெளிவந்த சி மொழி நூலின் மூன்றாம் அதிகாரத்திலே, சரத்தை இடத்திலேயே திருப்பும் சார்பு இடம்பெற்றுள்ளது. தலைமுறை தலைமுறையாக மாணவர் மனனஞ் செய்துவரும் சார்பு இதுவே. ஆனால் அச்சார்பு அந்நூலில் எதற்காக வந்தது என்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. எண் ஒன்றை எழுத்துவடிவுக்கு மாற்றும்போது இலக்கங்கள் கடைசியிலிருந்து முதலாக வெளிப்படும். அவ்வரிசையை நேராக்கவே அடுத்த பகுதியில் அது பயன்படுத்தப்படுகின்றது. இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே பைற்று. அவை இருந்த அணி அச்செய்நிரலுக்கே உரியது. திருப்பிய பின்னரும் நீளம் மாறுவதில்லை. மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை உண்டு. நூலாசிரியர் மீது நமக்குக் குறையில்லை. எண்ணிலக்கங்களுக்குப் பொருந்திய உபாயத்தை எழுத்தனைத்துக்கும் உரிய விதியாக உயர்த்தியோர் மீதே நமது குறை.

ஒரு பழக்கத்தைத் தோற்றுவித்த நிலைமை மறைந்த பின்னரும், அப்பழக்கம் கருத்துநிலையாக எஞ்சி நின்று தன்னையே ஒரு விழுமியமாகக் காட்டிக்கொள்வதைச் சமூக வரலாற்றிலே நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். செய்நிரலாக்கமும் இதற்கு விலக்கன்று.

3

முதலாவது வினா, இடம் யாருடையது என்பது. சி மொழியிலே மேற்கோட்குறிகளுக்குள் எழுதப்பட்ட சரத்தை இருவகையாகப் பெற்றுக்கொள்ளலாம். அணியொன்றை அறிவித்து அதில் இட்டால், செய்நிரலுக்குச் சொந்தமான பிரதி கிடைக்கும். அதனை விரும்பியவாறு மாற்றலாம். சுட்டியொன்றை அறிவித்து அதனைச் சரத்தை நோக்கச் செய்தால், மாறிலியாக வைக்கப்பட்டுள்ள மூலத்தின் முகவரி மாத்திரமே கிடைக்கும். எழுதும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஓரிரு குறியீடுகளே. விளைவிலோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. இரண்டாவதை மாற்ற முனைந்த செய்நிரலைப் பெரும்பாலான முறைமைகள் அந்தக் கணத்திலேயே நிறுத்திவிடும். ஏனெனில் மாறிலிகள் வாசிக்க மாத்திரம் அனுமதிக்கப்பட்ட பகுதியில் வைக்கப்படுகின்றன.

தொடக்ககாலத் தொகுப்பிகளிலே இத்தடை பொதுவாக இருக்கவில்லை. 1989 இல் வெளியான அமெரிக்கத் தேசிய நியமம், மாறிலிச் சரத்தை மாற்றுதல் வரையறுக்கப்படாத நடத்தை என விதித்தது. எனினும் பழைய செய்நிரல்களுக்காக, அத்தகைய சரங்களை எழுதத்தக்கனவாக வைக்கும் தெரிவு ஒன்றை ஜி.சி.சி. தொகுப்பி பல ஆண்டுகள் பேணி வந்தது. 2005 இல் வெளியான நான்காம் பதிப்பிலேதான் அது நீக்கப்பட்டது.

இதனினும் விசித்திரமானது, மாறிலிச் சரத்தின் வகையைச் சி மொழி இன்றும் மாற்றத்தக்க எழுத்தணி என்றே கூறுவதாகும். வகை அனுமதிக்கின்றது, நியமம் தடுக்கின்றது. சி++ மொழி இம்முரண்பாட்டை 1998 இல் கைவிடத்தக்கதாக அறிவித்து, 2011 இல் முற்றாக நீக்கியது. சி மொழி, பழைய செய்நிரல்கள் முறிந்துவிடும் என்னும் அச்சத்தினால், அதனைத் தொடர்ந்து சுமந்துவருகின்றது.

மாறிலிகள் பகிரப்படவுங்கூடும். ஒரே சரம் ஈரிடங்களில் எழுதப்பட்டிருப்பின், தொகுப்பி அவற்றுக்கு ஒரே இடத்தை ஒதுக்கலாம். ஒரு சரம் மற்றொன்றின் இறுதிப்பகுதியாக அமையின், அவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க இணைப்பிகளால் இயலும். செய்நிரலில் ஓரிடத்தில் 'மரக்கலம்' என்றும் பிறிதோரிடத்தில் 'கலம்' என்றும் எழுதியிருந்தால், பின்னதற்குத் தனியிடம் இல்லாமலே போகலாம். முன்னதன் நடுவிலிருந்தே அது தொடங்கும். அந்தக் 'கல'த்தை ஒருவர் இடத்திலேயே திருத்த முடிந்தால் 'மரக்கல'மும் கவிழ்ந்துவிடும். தான் திருத்துவது எதனை என்பதையே அறியாதவரின் திறமையை நாம் எவ்வாறு மெச்சுவது?

4

இரண்டாவது வினா, எழுத்து இடத்துள் அடங்குமா என்பது. இதனை வினவாமையின் விளைவுக்குப் புகழ்பெற்ற உதாரணம் 1988 நவம்பர் 2 ஆந் திகதி இணையத்திலே பரவிய 'மொறிஸ் புழு'. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, பயனர் விபரங்களைக் கூறும் 'பிங்கர்' சேவையிலிருந்த ஓட்டையாகும். அச்சேவை, வரும் வரியை 512 பைற்று இடமொன்றில் 'கெற்ஸ்' என்னும் நூலகச் சார்பினால் வாங்கிக்கொண்டது. தனக்குத் தரப்பட்ட இடத்தின் கொள்ளளவைக் கேட்கும் வழியே கெற்ஸுக்கு இல்லை. புழு அனுப்பியதோ 536 பைற்றுகள். மிகுதி 24 பைற்றுகள் அடுத்திருந்த நினைவகத்தை அழித்தெழுதி, இயந்திரத்தைப் புழுவின் கையில் ஒப்படைத்தன. இத்தனைக்குப் பின்னரும் கெற்ஸ் சி நியமத்திலிருந்து நீக்கப்பட்டது 2011 இலேதான். பூச்சியத்தில் முடியும் சரங்களைத் தெரிந்தெடுத்தமை கணினி வரலாற்றின் மிக விலையுயர்ந்த ஒரு பைற்றுத் தவறு எனப் பூல்-ஹென்னிங் காம்ப் அதே ஆண்டில் எழுதியமை பொருத்தமானதே.

கொள்ளளவைக் கேட்கும் சார்புகள் இல்லையா என வினவலாம். உண்டு. 'ஸ்டர்என்கொப்பி' அவற்றுள் ஒன்று. ஆயின் அது ஆக்கப்பட்டது, பழைய யுனிக்ஸ் முறைமையிலே கோப்புப் பெயருக்கென ஒதுக்கப்பட்ட 14 பைற்றுப் புலம் போன்றவற்றை நிரப்புவதற்கே. புலம் முழுதும் நிரம்பிவிட்டால் அது முடிவுக்குறியை இடுவதில்லை. இக்குறையை நீக்க 'ஸ்டர்எல்கொப்பி' என்னும் சார்பை 1998 இல் ஓப்பின் பி.எஸ்.டி. முறைமையினர் அறிமுகஞ் செய்தனர். லினக்ஸ் முறைமைகளிற் பெரிதும் வழங்கும் குனூ சி நூலகம் அதனை ஏற்றுக்கொண்டது 2023 இல். கால் நூற்றாண்டு கழிந்த பின்னர்.

இச்சார்பும் காப்பது நினைவகத்தையே. எழுத்தைக் காக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. இங்கேதான் தமிழ் நேரடியாகப் பாதிக்கப்படுகின்றது. இன்று வழக்கிலுள்ள யு.ரி.எவ்.-8 குறியேற்றத்திலே ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றுப் போதும். தமிழெழுத்துகளுக்கென யுனிகோட் ஒதுக்கிய ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுகளை எடுக்கும். சிங்கள எழுத்துக் குறிகளும் அவ்வாறே. 'புவனேஸ்வரி' என்னும் பெயரை நோக்குக. நமக்கு அது ஆறெழுத்து. யுனிகோட்டில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்துக் குறிகள். ஆகவே 30 பைற்றுகள். பெயருக்கு 20 பைற்றுப் புலம் ஒதுக்கிய பதிவேட்டிலே இப்பெயரை இட்டால் எஞ்சுவது 'புவனேஸ' என்பதும், புள்ளியின் மூன்று பைற்றுகளில் இரண்டும் மாத்திரமே. அந்த இரு பைற்றுகள் எந்த எழுத்தையுங் குறிப்பதில்லை. அதே பெயர் ஆங்கிலத்தில் எழுதப்படின் 12 பைற்றுகளில் வசதியாக அமர்ந்துவிடும். ஒருவரின் பெயர் அவரது மொழியிலே எழுதப்பட்ட காரணத்தினாலேயே சிதைகின்றது. சிதைத்தவர் தமிழை வெறுத்தவர் அல்லர். எழுத்தையும் பைற்றையும் ஒன்றெனக் கற்பிக்கப்பட்டவர்.

திருப்புதற் பயிற்சிக்கும் இதே கதிதான். 'தமிழ்' என்னும் சொல் மூன்றெழுத்து, ஐந்து குறி, 15 பைற்று. இதனைப் பைற்றுப் பைற்றாகத் திருப்பினால் எஞ்சுவது குப்பை. குறிகுறியாகத் திருப்பினாலும், புள்ளி தனக்குரிய மெய்யை இழந்து முன்னே தனித்து நிற்க, மகரத்தின் இகரக்குறி ழகரத்தில் ஏறி, 'ழிமத' என்னும் பொருளற்ற வடிவே தோன்றும். எழுத்தெழுத்தாகத் திருப்பினால் மாத்திரமே 'ழ்மித' கிடைக்கும். பல்லாயிரம் மாணவர் பாராட்டுப் பெற்ற விடை, அவர்தம் தாய்மொழியின் பெயரையே சரியாகத் திருப்பமாட்டாது.

இடத்திலேயே திருத்துதல் எப்போது இயலும், எப்போது இயலாது என்பதை விளக்க நமது இலக்கண மரபிலேயே தக்க பாகுபாடு உண்டு. சொற்புணர்ச்சியில் நிகழும் விகாரங்களை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். பல் + பொடி, பற்பொடி எனத் திரியும்போது லகரம் இருந்த மூன்று பைற்றுகளில் றகரம் அமர்கின்றது, இடத்திலேயே திருத்தலாம். மரம் + வேர், மரவேர் எனக் கெடும்போது ஆறு பைற்றுகள் குறைகின்றன. பின்னுள்ளவற்றை முன்னே இழுத்து இடத்திலேயே திருத்த முடியும், கவனம் வேண்டும். வாழை + பழம், வாழைப்பழம் எனத் தோன்றும்போதோ பகரமெய்யொன்றுக்காக ஆறு பைற்றுகள் மேலதிகமாக வேண்டும். இருந்த இடம் போதாது. எழுத்தை மாற்றும் செயல்களிற் பல தோன்றலை உடையன என்பதை இலக்கணம் கற்ற மாணவர் உடனே உணர்வர்.

இலக்கணம் எவ்வித விகாரமும் காணாத இடத்திலும் கணினியில் நீளம் மாறக்கூடும். 'கொ' என்னும் எழுத்தைக் ககரமும் ஒகரக்குறியுமாக ஆறு பைற்றுகளில் எழுதலாம். ககரம், எகரக்குறி, கால் எனப் பிரித்து ஒன்பது பைற்றுகளிலும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யுனிகோட் விதி. கண்ணுக்கும் செவிக்கும் ஒன்றாகவே உள்ள எழுத்தை ஒரு வடிவிலிருந்து மற்றதற்கு மாற்றும்போதே இடம் போதாமற் போகலாம்.

இது தமிழுக்கு மாத்திரம் உரிய சிக்கலெனக் கருதுவோர் துருக்கி மொழியை நோக்குக. அம்மொழியின் புள்ளியில்லாத சிற்றெழுத்து 'ஐ' இரண்டு பைற்றுகள். அதன் பேரெழுத்து ஒரு பைற்று. புள்ளியுள்ள பேரெழுத்து 'ஐ' இரண்டு பைற்றுகள். யுனிகோட்டின் பொது விதிப்படி அதனைச் சிற்றெழுத்தாக்கினால் மூன்று பைற்றுகள். 'சிற்றெழுத்தாக்குதல் நீளத்தை மாற்றாது' என்பது ஆங்கிலத்தை மாத்திரம் அறிந்தவரின் நம்பிக்கை.

5

மூன்றாவது வினா, வேறெவரேனும் வாசிக்கின்றனரா என்பது. சரத்தைத் துண்டுகளாகப் பிரித்துத் தரும் 'ஸ்டர்டொக்' என்னும் நூலகச் சார்பு இதற்குத் தக்க சான்று. அது பிரிப்பானைக் கண்ட இடத்திலெல்லாம் அதன்மேல் முடிவுக்குறியை எழுதுகின்றது. தந்த சரத்தை வெட்டித்தான் துண்டுகளைத் தருகின்றது. வெட்டிய பின் மூலம் மீள்வதில்லை. அச்சரத்தை வேறொரு பகுதி பின்னர் முழுமையாக வாசிக்க விழைந்தால் முதற்றுண்டு மாத்திரமே அதற்குக் கிட்டும். அன்றியும், தான் நின்ற இடத்தை அச்சார்பு தனக்குள்ளே மறைவாக நினைவிற்கொள்கின்றது. வரிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியைச் சொற்களாகப் பிரிக்கத் தொடங்கினால், வெளிப்பிரிப்பு தன் நிலையை இழந்துவிடும்.

தமிழ் உரையில் இதன் விளைவு இன்னுங் கொடியது. ரூபாவைக் குறிக்கும் '௹' என்னும் தமிழ்க் குறியைப் பிரிப்பானாகக் கொடுத்தால், ஸ்டர்டொக் அதனை ஒரு குறியாகக் கொள்ளாது மூன்று தனிப் பைற்றுகளாகக் கொள்ளும். அவற்றுள் முதலாவதன் பெறுமானம் 224. தமிழெழுத்துக் குறிகள் அனைத்தும் இதே பைற்றுடனேயே தொடங்குகின்றன. ஆகவே உரையிலுள்ள எழுத்துகளின் முதற் பைற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கப்படும். ஒரு குறியைத் தேடப் போய் உரை முழுவதையும் அறுத்த கதையாக முடியும். பிரதி ஒன்றிற் செய்திருந்தால் மூலமாவது எஞ்சியிருக்கும்.

6

இவற்றையெல்லாம் எடுத்துக்கூறும்போது எதிர்த்தரப்பினர் வழக்கமாக முன்வைக்கும் வாதங்கள் சில உள. அவற்றையும் நோக்குவோம்.

வேகம் என்பர் சிலர். இருந்த இடத்திலேயே திருத்துவது வேகமானது என்பது பாதி உண்மை. நீளம் மாறாத திருத்தத்துக்கே அது பொருந்தும். சரத்தின் நடுவில் இரண்டெழுத்தைச் செருக, பின்னுள்ள அனைத்தையும் நகர்த்தவேண்டும். நூறு இடங்களிற் செருகின் நூறுமுறை நகர்த்தவேண்டும். ஒரே நடையில் புதிய சரத்தை ஆக்குவது இதனிலும் மலிவு. இருந்த சரத்தின் இறுதியில் மற்றொன்றை ஒட்டும் 'ஸ்டர்கற்' சார்பை எடுத்துக்கொள்க. நீளம் எங்கும் பதியப்படாமையால், ஒட்டும் ஒவ்வொரு முறையும் அது தொடக்கத்திலிருந்து இறுதிவரை நடந்தே இடத்தைக் காண்கின்றது. பத்துப் பைற்றுத் துண்டுகள் ஆயிரத்தை இவ்வாறு ஒட்டினால், பத்தாயிரம் பைற்று உரையை ஆக்குவதற்கு ஏறத்தாழ 50 இலட்சம் பைற்றுகளை வீணே கடந்துசெல்லவேண்டும். சிக்கனத்தின் பெயரால் நிகழும் இவ்விரயத்தை வேகத்தின் காவலர் கணக்கிற் சேர்ப்பதில்லை.

செய்நிரலாளரை நம்புக என்பர் வேறு சிலர். சி நியமக் குழுவினரே இதனை அம்மொழியின் அடிப்படை உணர்வுகளுள் ஒன்றாக எழுதிவைத்துள்ளனர். நம்பிக்கையை நாமும் மதிக்கின்றோம். ஆயின் நம்பப்படுபவர் அறியக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். வேறொருவர் தந்த சுட்டியை மாத்திரம் கையில் வைத்திருப்பவருக்கு அதன் கொள்ளளவும் உரிமையும் பகிர்வும் தெரியா. தகவலை மறைத்துவிட்டுப் பொறுப்பை மாத்திரம் ஒப்படைப்பதை நம்பிக்கை என்று கூறுதல் பொருந்தாது.

இயந்திரத்தை அண்மித்துக் கற்கவேண்டும் என்பது இன்னொரு வாதம். நன்று. அண்மித்துப் பார்த்தால் தெரிவது என்ன? மாறிலிகளை வாசிப்புக்கு மாத்திரமான பக்கங்களிற் காவல் செய்வது இயந்திரமே. ஒரே இடத்தைப் பலர் ஒருங்கே தீண்டினால் விளையும் குழப்பத்தை வெளிப்படுத்துவதும் இயந்திரமே. அதனை உள்ளவாறு கற்ற எவரும் இம்மூன்று வினாக்களுக்கே வந்துசேர்வர்.

இதற்கு நேரெதிரான தீவிரவாதமும் உண்டு. சரங்களை ஒருபோதும் மாற்றலாகாது. ஜாவாவும் பைதனும் காட்டிய வழியே வழி என்போரையும் நாம் ஏற்கவில்லை. கடவுச்சொல்லை எடுத்துக்கொள்க. அதன் தேவை முடிந்ததும் அது இருந்த இடத்திலேயே அழிக்கப்படவேண்டும். பிரதிகள் பெருகினால் ஆபத்தே பெருகும். மாற்றமுடியாத சரத்தில் இது இயலாமையாலேயே ஜாவாவின் கடவுச்சொற் பெட்டி, சரத்தைத் தராமல் எழுத்தணியைத் தருகின்றது. சி மொழியிலுங்கூட, இனி எவரும் வாசிக்காத இடத்தில் எழுதுவது வீணெனத் தொகுப்பி அவ்வழிப்பைத் தவிர்த்துவிடும் ஆபத்து இருந்தமையால், 2024 இல் வெளியான சி23 நியமம் தவிர்க்கப்படாத அழிப்புக்கெனத் தனிச் சார்பொன்றைச் சேர்த்துள்ளது. இங்கே இடம் நம்முடையது, அளவு மாறாது, வேறெவரும் வாசிக்கவுங் கூடாது. மூன்று விடைகளும் தெளிவாக உள்ளமையால் இடத்திலேயே எழுதுவது கடமையாகவே ஆகின்றது. நமது அளவுகோல் இருதரப்புக்கும் பொதுவானது.

7

இவ்வினாக்களை மொழியே வினவும்படி செய்யலாகாதா? செய்யலாம் என்பதை ரஸ்ற் மொழி காட்டியுள்ளது. 2015 மே 15 ஆந் திகதி அதன் முதற்பதிப்பு வெளியானது. அதுவும் முறைமைச் செய்நிரலாக்க மொழியே. 2022 இறுதியில் லினக்ஸ் கருவுக்குள்ளும் அதற்கு இடங் கிடைத்தது. அங்கே சரத்துக்கு உரிமையாளர் உண்டு. மாறிலிச் சரத்தை மாற்றும் செய்நிரலைத் தொகுப்பி ஏற்காது. மாற்ற விழைபவர் அக்கணத்தில் வேறெவரும் வாசிக்காத தனியுரிமையைப் பெற்றிருக்கவேண்டும். அஸ்கி எழுத்துகளை மாத்திரம் பேரெழுத்தாக்கும் செயல் இருந்த இடத்திலேயே நிகழ்கின்றது, நீளம் மாறாதென்பது உறுதியாகையால். எல்லா மொழிகளுக்கும் உரிய பேரெழுத்தாக்கம் புதிய சரத்தையே தருகின்றது, நீளம் மாறக்கூடுமாகையால். பைற்றுகளை நேரே தீண்டவேண்டுமெனின், காப்பற்றது என்னும் முத்திரையைத் தானே இட்டே செய்யவேண்டும். இவற்றைத் தொல்லை என்று முறையிடுவோர், அத்தொல்லை முன்னரே இருந்ததென்பதையும் இப்போதுதான் கண்ணிற் படுகின்றதென்பதையும் உணரவேண்டும்.

ரஸ்ற் மொழியைத் துதிபாடுவது நமது நோக்கமன்று. அதன் 'எழுத்து' வகையும் யுனிகோட் குறியே; தமிழெழுத்து அன்று. குறிகுறியாகத் திருப்பினால் அங்கும் 'ழிமத'தான் வரும். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் விதிகளை யுனிகோட் வகுத்துள்ளதாயினும் அம்மொழியின் அடிப்படை நூலகம் அவற்றைத் தரவில்லை. வேறு நூலகத்தை நாடவேண்டும். மொழி நினைவகத்தைக் காக்கலாம். எழுத்தைக் காப்பது, எழுத்து இன்னதென அறிந்தவரின் பணி.

மரபின் பெயரால் வாதிடுவோர்க்கு இன்னும் ஒன்று கூறவேண்டும். முடிவுக்குறியிட்ட சரத்தை பி மொழியில் வைத்த அதே கென் தொம்சன்தான், ரொப் பைக்குடன் சேர்ந்து 1992 இல் யு.ரி.எவ்.-8 குறியேற்றத்தை வகுத்தார். அவ்விருவரும் ரொபேர்ட் கிறீசமரும் வடிவமைத்து 2009 இல் வெளியிடப்பட்ட கோ மொழியிலே சரம் தன் நீளத்தைத் தானே சுமக்கின்றது. அதனை இடத்திலேயே மாற்றவும் முடியாது. நிலைமை மாறியபோது மூலவரே தம் வழக்கை மாற்றிக்கொண்டார். வழிவந்தோர் மாத்திரம் பழையதைப் பற்றிக்கொண்டிருப்பது மரபைப் பேணுதல் ஆகுமா?

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. சரத்தைத் திருப்பும் பயிற்சி தொடர்ந்து இருக்கட்டும்; ஆனால் தரப்படும் சரம் 'தமிழ்' என்பதாக இருக்கட்டும். எழுத்து என நீ கருதுவது எதனை என்பதை மாணவர் செய்நிரலை எழுதுமுன் எழுத்தில் விளக்கட்டும். இரண்டாவதாக, சரத்தைப் பெறும் ஒவ்வொரு சார்புக்கும் மேலே, அது சரத்தை மாற்றுமா, மாற்றின் எவ்வளவு இடம் வேண்டும், அவ்வேளையில் வேறெவர் வாசிக்கலாம் என்பன குறிக்கப்படவேண்டும். குறிக்காத விடைக்குப் புள்ளி குறைக்கப்படவேண்டும். மூன்றாவதாக, பரிசோதனைக்குரிய சரங்களிலே தமிழும் சிங்களமும் துருக்கியும் கட்டாயம் இடம்பெறவேண்டும். இவற்றுக்குப் புதிய ஆய்வுகூடமோ பெருஞ் செலவோ தேவையில்லை. விரிவுரையாளரின் மனமாற்றமே தேவை.

தமிழைக் கணினியில் ஏற்றுவது பற்றிப் பெருமையுடன் பேசுகின்றோம். ஏற்றிய தமிழ் சிதையாமல் இருக்கவேண்டுமெனின், எழுத்து வேறு, அது தங்கும் இடம் வேறு என்பதை நமது பட்டதாரிகள் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளவேண்டும். இடத்தை அளந்தறியாது அதன்மேல் எழுதுபவர் அடுத்திருப்பவரின் எழுத்தையே அழிக்கின்றார். அந்த எழுத்து ஒருவரின் பெயராகவும் இருக்கலாம்.